நூற்றுப் பன்னிரண்டுக்குள் ஒரு பன்னிரண்டு

ராஜாங்கம் அன்று காலையில் வாங்கிய டீயும் ஏடு கட்டிப்போய் மேஜை மேல் கிடந்தது.

"சார், டீக்கடைக்காரர் கேக்கறாரு. டீ குடிக்கிறதுக்கு வாங்குறீங்களா, ஆவி பிடிக்கிறதுக்கான்னு," என்றாள் சுலோசனா.

அவர் சிரிக்கவில்லை. மிஷன் வீதி மாடியில் அவர் துப்பறியும் நிலையம் திறந்த நாளிலிருந்து சுலோசனாதான் அவருக்கு உதவியாளர், தட்டச்சர், கணக்குப்பிள்ளை, கேலிக்காரி. அவள் வாய்க்குச் சிரிக்காமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. நேற்று மாலைப் பேப்பரைப் படித்ததிலிருந்து அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

பேப்பரில் இருந்தது நாலே வரி. கனகசெட்டிக்குளத்தில் பாவாடை என்பவரை ஊரார் துடுப்பால் அடித்தார்கள், ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தவர் ராஜாங்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் கனகசெட்டிக்குளத்தில் விஷச் சாராயம் குடித்து நான்கு மீனவர்கள் இறந்தார்கள். இரண்டு பேருக்குக் கண் போனது. சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். வார்னிஷில் ஊற்றுகிற சரக்கு, மனுஷ வயிற்றுக்குள் போனால் விஷம். விற்றவன் ஓடிவிட்டான். அவன் குடிசையில் கிடந்த காலி கேன்கள், முதலியார்பேட்டைக்குத் தெற்கே இருந்த ஒரு வார்னிஷ் தொழிற்சாலையின் முத்திரையோடு இருந்தன. ஸ்டோரைச் சரிபார்த்தபோது மூன்று தேதிகளில் கேன்கள் குறைந்திருந்தன.

போலீஸ் ஒரு பக்கம் விசாரித்துக்கொண்டிருக்க, தொழிற்சாலை மேனேஜர் கிருஷ்ணசாமி ராஜாங்கத்தைத் தேடி வந்தார். திருடன் எங்கள் ஆளா இல்லையா என்று சீக்கிரம் தெரிய வேண்டும் என்றார். தொழிற்சாலையில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஸ்டோருக்குள் யார் யார் போனார்கள் என்பது நாள்வாரியாக அதற்குள் இருந்தது. ராஜாங்கம் அதனிடம் கேட்டது ஒரே கேள்வி. டோக்கன் எண் பன்னிரண்டு, அந்த மூன்று நாளும் உள்ளே போனதா?

'எஸ்' என்றது கம்ப்யூட்டர், மூன்று முறையும்.

பன்னிரண்டு, அங்கே வேலை பார்த்த பாவாடையின் எண். பாவாடையின் மச்சான் வீடு கனகசெட்டிக்குளத்தில். பாவாடையைப் பேருக்கு ஒரு முறை விசாரித்துவிட்டு, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று ராஜாங்கம் அறிக்கை எழுதி மேனேஜர் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பெயர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே கடற்கரைக்குப் போய்விட்டது. தன் பெயர் அடிபடுவது தெரியாமல் மச்சான் வீட்டுக்குப் போன பாவாடையை ஊர் சூழ்ந்துகொண்டது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் உள்ளே வந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். கையில் ஆஸ்பத்திரிக் கஞ்சி வாங்கும் தூக்குப்பாத்திரம்.

"இங்க ராஜாங்கம் யாரு?"

"நான்தாம்மா."

"நான் பாவாடை சம்சாரம், செல்வாம்பாள். எங்க ஊட்டுக்காரரு திருடினாருன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

சுலோசனா நாற்காலியை இழுத்துப் போட்டாள். செல்வாம்பாள் உட்காரவில்லை.

"நான்தான்," என்றார் ராஜாங்கம்.

"எந்தெந்த நாளுன்னு எழுதினீங்க?"

அவர் தேதிகளைச் சொன்னார். கார்த்திகை மாதத்துத் தேதிகள்தான், ஆனால் அவர் சொன்னது இங்கிலீஷ் தேதி. செல்வாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். நடுவில் நிறுத்தினாள்.

"நாலாந்தேதின்னா தீபம் இல்ல? கார்த்திகை தீபத்தன்னைக்கு அவரு திருவண்ணாமலையில இருந்தாரு. நானும் இருந்தேன். எங்க தெருவே பஸ்சு புடிச்சுப் போச்சு."

"நாலாந்தேதி எங்க இருந்தீங்கன்னு அவரை நான் கேட்டேனேம்மா. வேலையிலதான் இருந்திருப்பேன்னு அவரே சொன்னாரு."

"நாலு, அஞ்சுன்னு கேட்டா அவருக்கு என்னா தெரியும்? தீபத்தன்னைக்கு எங்கடா இருந்தேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. மலை சுத்திட்டு மொட்டை போட்டாரு. மொட்டைத் தலையோடதான் மறுநா வேலைக்குப் போனாரு. நீங்க அவரைப் பாத்தீங்களே, தலையப் பாக்கலியா?"

ராஜாங்கம் பார்த்திருந்தார். விசாரிக்கும்போது எதிரே நின்ற பாவாடையின் தலையில் முடி அரை விரல் உயரம்கூட இல்லை. பார்த்தார், யோசிக்கவில்லை.

செல்வாம்பாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "அவரு வாயத் தொறந்து பேச முடியல. அதான் நான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சுலோசனா ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரே ஆளு ஒரே நாள்ல திருவண்ணாமலையிலயும் இருந்து, ஸ்டோர்லயும் இருக்கணும்னா அவரு சாமியா இருக்கணும் சார். இல்ல, அந்தப் பொட்டி பொய் சொல்லணும்."

"பொட்டி பொய் சொல்லாது, சுலோ."

"அப்ப நாமதான் சொல்லியிருக்கோம். வாங்க."

*

தொழிற்சாலையில் குளிர்ந்த அறை ஒன்றே ஒன்றுதான். மனிதர்களுக்குக் கொடுக்காத ஏ.சி.யை கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் முன்னால் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள். சென்னையில் படிப்பு முடித்துவிட்டு வந்து இந்த வேலையில் சேர்ந்த பெண். ராஜாங்கத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளும் பேப்பர் படித்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"உள்ள போறவங்க நம்பர் இதுக்குள்ள எப்படிம்மா வருது?" என்று கேட்டார் ராஜாங்கம். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஸ்டோர் வாசல்ல வாட்ச்மேன் இருக்காரு சார். யாரு உள்ள போனாலும் அவங்க நம்பரைச் சீட்டுல எழுதுவாரு, போற வரிசைப்படியே. மறுநாள் காலையில அந்தச் சீட்டைப் பார்த்து நான் டைப் பண்ணுவேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. நம்பருக்கும் நம்பருக்கும் நடுவுல ஒரு கமா."

"சீட்டு?"

"பாய்லர்ல போட்டுடுவாங்க."

"சரி. பன்னிரண்டு இருக்கான்னு நான் கேட்டப்ப இது என்ன செய்யுது?"

சந்திரகலா பதில் சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நின்றாள். விசைப்பலகையைத் தட்டி நாலாந்தேதி வரியைத் திரையில் வரவழைத்தாள். பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடின. அவள் விரல் திரையின் மேல் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது.

"சார்... இங்க பன்னிரண்டு இல்ல."

"பின்ன?"

"நூற்றுப் பன்னிரண்டு இருக்கு."

சுலோசனா குனிந்து பார்த்தாள். ஒன்று, ஒன்று, இரண்டு. முதல் ஒன்றை விரலால் மறைத்தாள். மிச்சம் பன்னிரண்டு.

"ஒண்ணும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல எங்கயாவது வருதான்னு மட்டும்தான் இது பாக்கும் சார்," சந்திரகலாவின் குரல் இறங்கிவிட்டது. "முழு நம்பரா, இன்னொரு நம்பருக்குள்ள இருக்கிற துண்டான்னு பாக்காது. தேடச் சொல்லி எழுதினது நான்தான். எனக்கு அப்ப தோணல."

மற்ற இரண்டு நாள் வரிகளையும் கொண்டு வந்தாள். ஒன்றில் பன்னிரண்டு இருந்தது. பாவாடை தன் வேலையாக உள்ளே போன நாள். இன்னொன்றில் நூற்று இருபத்தொன்று. அதற்குள்ளும் ஒன்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"பாவாடைங்கிற பேரைத் தேடிட்டு, கடையில தொங்கற பாவாடையை எல்லாம் கைது பண்ணின மாதிரி," என்றாள் சுலோசனா. சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வரிகள். கண்ணால் ஒரு முறை படித்திருந்தால் போதும். படிக்கவில்லை.

"இதைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும் சார். வெறும் பன்னிரண்டுன்னு தேடாம, முன்னால ஒரு கமா, பின்னால ஒரு கமா சேர்த்துத் தேடச் சொல்லலாம். அப்ப நூற்றுப் பன்னிரண்டு மாட்டாது. அதுல பன்னிரண்டுக்கு முன்னால கமா இல்ல, ஒண்ணுதான் இருக்கு."

"செய். பன்னிரண்டுக்கு மட்டும் இல்ல. எல்லா நம்பருக்கும் செய். மூணு நாளும் உள்ள போனது யாருன்னு அது சொல்லட்டும்."

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மேனேஜர் கிருஷ்ணசாமி கைக்குட்டையால் மூக்கை ஒத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன ராஜாங்கம், மறுபடியும்? கேஸ் முடிஞ்சுதே."

"முடிஞ்சது கேஸ் இல்ல சார். ஒரு மனுஷன் முடியப் பாத்தான்," என்றாள் சுலோசனா.

ராஜாங்கம் நடந்ததைச் சொன்னார். கிருஷ்ணசாமி வருத்தத்தோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க ஸ்டோருக்குப் போறது உண்டா சார்?" என்று கேட்டார் ராஜாங்கம். "அங்க ஆளுங்க எப்படிப் போய் வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நானா? எனக்கு வீசிங். அந்த நாத்தம் மூக்குல ஏறினா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஸ்டோர் வாசப்படியை நான் மிதிச்சே வருஷக்கணக்காச்சு."

"சார், ஓடுது," என்றாள் சந்திரகலா.

நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து கடைசி டோக்கன் வரை கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. முடிந்ததும் ஒரே வார்த்தை வந்து நின்றது.

'நன்.'

யாரும் இல்லை. மூன்று நாளும் உள்ளே போனவர் என்று ஒருவருமே இல்லை.

கிருஷ்ணசாமி மெல்லச் சிரித்தார். "அப்ப வெளியாள்தான். ஓட்டைப் பிரிச்சு எறங்கியிருப்பான். பாவம் அந்தப் பாவாடை. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பாத்துக்கும்னு சொல்லிடுங்க."

அவர் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் ராஜாங்கம். "இந்தத் தடவை இது சொல்றதை நான் அப்படியே எழுதப் போறதில்ல. அம்மா, மூணு வரியையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா காட்டு. நான் படிக்கணும்."

மூன்று வரிகளும் வந்தன. ராஜாங்கம் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு படிப்பதுபோல முதல் எண்ணிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"அஞ்சு, அறுபத்து நாலு, நூற்றுப் பன்னிரண்டு..."

அடுத்த வரிக்கு வந்தார். "அஞ்சு, முப்பத்தொண்ணு..."

நிறுத்தினார். மூன்றாவது வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தார். அங்கும் ஐந்து.

"சந்திரகலா, அஞ்சு மூணு வரியிலயும் இருக்கே. யாரும் இல்லன்னு ஏன் சொல்லிச்சு?"

அவள் திரையையும் தான் எழுதியதையும் மாறி மாறிப் பார்த்தாள். சுலோசனாதான் முதலில் சொன்னாள்.

"முன்னால கமா இருக்கணும்னு சொன்னியே. க்யூவுல மொத ஆளுக்கு முன்னால யாரு நிப்பாங்க? வரியே அங்கதான் ஆரம்பிக்குது. அவனுக்கு முன்னால கமா ஏது?"

"ஐயோ," என்றாள் சந்திரகலா. "வரியோட ரெண்டு முனையிலயும் ஒரு கமா வெச்சுட்டுத் தேடியிருக்கணும். மொத நம்பரும் கடைசி நம்பரும் தப்பிச்சிருக்கு."

அவள் வேகமாகத் தட்டினாள். இந்த முறை கம்ப்யூட்டர் நிறைய நேரம் எடுத்ததுபோல் ராஜாங்கத்துக்குப் பட்டது. திரையில் ஒற்றை எண் வந்தது.

'5'.

"அஞ்சு யாரு?"

சந்திரகலாவின் பார்வை கதவுப் பக்கம் போனது. ஒன்றிலிருந்து பத்து வரை ஆபீசர்களுக்கான எண்கள் என்று பிறகு அவள் சொன்னாள். அப்போது அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கிருஷ்ணசாமியின் கைக்குட்டை மூக்குக்கும் சட்டைப்பைக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தது.

"டைப் அடிச்சதுல தப்பு இருக்கும்," என்றார் அவர். "சின்னப் பொண்ணு. அவசரத்துல எதையாவது அடிச்சிருப்பா."

"இருக்கலாம் சார். அதனால எழுதினவரையே கேட்டுடலாம்."

சுலோசனா அதற்குள் வெளியே ஓடியிருந்தாள். அவள் அழைத்து வந்த வாட்ச்மேன் பக்கிரிக்கு ஐம்பது வயதிருக்கும். மேனேஜரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, பழைய பிரெஞ்சு வழக்கப்படி, "பொன்ழூர் முசே," என்றார்.

"பக்கிரி, தீபத்தன்னைக்கு ஸ்டோருக்குள்ள மொதல்ல போனது யாரு?" இந்த முறை ராஜாங்கம் தேதியைச் சொல்லவில்லை.

"இவருதான் சார். வெள்ளி மொளைக்கிற நேரத்துல கார்ல வந்தாரு. ரெண்டு கேனு எடுத்து டிக்கியில வெச்சாரு. கூட ரெண்டு நா அதே மாரி வந்தாரு. நான் நம்பர எழுதிட்டேன்."

"போலீஸ் வந்தப்ப ஏன் சொல்லல?"

"மொதலாளிங்க சரக்க அவங்களே எடுத்தா அது திருட்டா சார்? பாவாடைதான்னு கம்ப்யூட்டரே சொல்லிச்சுன்னாங்க. அதுக்கு மேல நான் என்னாத்தைச் சொல்றது?" பக்கிரி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். "பாவாடை எடுக்கறதை நான் பாக்கவே இல்ல. அப்பவே மனசுக்கு ஒரு மாரி இருந்துச்சு. யாராவது வந்து கேப்பாங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல."

கிருஷ்ணசாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வீசிங் உண்மைதான் போலிருந்தது. மூச்சு இழுத்தது.

"அவன் சாராயத்துல கலக்கத்தான் வாங்கறான்னு எனக்குத் தெரியாது. பெயின்ட் கடைக்குன்னு சொன்னான். சத்தியமா தெரியாது."

"நாலு பேர் செத்ததுக்கு அப்புறம் தெரியுமில்ல?" என்றார் ராஜாங்கம். "அப்புறம்தானே என்கிட்ட வந்தீங்க? பன்னிரண்டாம் நம்பரைப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதற்குப் பதில் சொன்னது சந்திரகலா.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள் இவரு இங்க உக்காந்து ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாத்தாரு. எது மூணு நாளும் எஸ் வருதுன்னு தேடினாரு. பல நம்பருக்கு வந்துச்சு. அதுல யாரு கனகசெட்டிக்குளத்துல சொந்தக்காரன் உள்ளவன்னு என்னைக் கேட்டாரு. நான்தான்..." அவளால் முடிக்க முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சுலோசனா அவள் முதுகில் கை வைத்தபடியே மறு கையால் டெலிபோனை எடுத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குச் சுழற்றினாள்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் பாவாடைக்கு வலது கை முழுக்க மாவுக்கட்டு. இடது கண்ணின் மேல் பஞ்சு. தாடை வீங்கி வாய் கோணியிருந்தது. செல்வாம்பாள் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ராஜாங்கத்தைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"மேனேஜரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க எடுக்கலைன்னு நிரூபணமாயிடுச்சு," என்றார் ராஜாங்கம். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த மற்ற வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

பாவாடை ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். வாயைத் திறப்பதற்கே நேரமானது.

"நான் எடுக்கலைன்னு... எனக்குத் தெரியும் சார்."

கஞ்சி வழிந்தது. செல்வாம்பாள் துடைத்தாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல முயன்றான். அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்த ஊருல இருக்கறவங்களுக்குத்தான் தெரியாதாம். அவங்ககிட்டப் போயி சொல்லுவீங்களான்னு கேக்கறாரு."

*

வெயில் சாயும் நேரத்தில் ராஜாங்கமும் சுலோசனாவும் கனகசெட்டிக்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வழி முழுக்க அவள் ஒரு கேலியும் சொல்லவில்லை. கடலுக்குப் போகும் சந்தின் முதல் வீட்டு வாசலில் மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன நால்வரில் ஒருவனின் மனைவி. அந்நியர்களைக் கண்டு ஆட்கள் கூடினார்கள்.

ராஜாங்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் பெயரைச் சொன்னார். பாவாடை எதையும் எடுக்கவில்லை என்றார். பாவாடை பெயரை எழுதிக் கொடுத்தது தான்தான் என்றார்.

"கம்ப்யூட்டரு சொல்லிச்சுன்னு சொன்னாங்களே?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"நான் தப்பாக் கேட்டேன். அது தப்பாச் சொல்லிச்சு. பக்கத்துலயே ஒரு மனுஷன் இருந்தாரு, எல்லாத்தையும் பாத்தவரு. அவரைக் கேக்க எனக்குத் தோணல. அடிக்கிறதா இருந்தா என்னை அடிச்சிருக்கணும்."

யாரும் அடிக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை.

மணியம்மாள்தான் கேட்டாள். "அந்த ஆளுக்கு அடி பலமா?"

"வலது கை ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கு. ஒரு கண்ணைப் பத்தி இன்னும் சொல்ல முடியாதுங்கறாங்க."

அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"நான் திருடலம்மா, நான் திருடலம்மான்னு என் காலைப் புடிச்சாரு," என்றாள். "மொத அடி என்னுது. நான் அடிச்சதப் பாத்துட்டுத்தான் இவங்க அடிச்சாங்க."

மணியம்மாள் எழுந்து உள்ளே போனாள். வெளியே வரும்போது புடவையை மாற்றியிருந்தாள். கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள்.

"எந்த வார்டுல இருக்காரு?"

"நீங்க வந்தா அவரு சம்சாரம் ஏதாவது..." என்று தொடங்கினாள் சுலோசனா.

"திட்டட்டும்," என்றாள் மணியம்மாள். "அடிச்சாலும் அடிக்கட்டும்."

அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒருவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.